முதல் ஜெரிகேன்

கம்பாலாவிலிருந்து தென்மேற்கே மசாக்காவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ஊரை விட்டு வெளியே வருவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. புசேகா ரவுண்டானாவைத் தாண்டும்வரை சாலையின் இரு பக்கமும் மரக்கட்டில்கள், இரும்புக் கதவுகள், சவப்பெட்டிகள். அவற்றுக்கு நடுவே இரண்டு ஆட்களையும் ஒரு வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு நெளிந்து போகும் போடா போடா பைக்குகள். அப்புறம் திடீரென்று பச்சை. பாப்பிரஸ் கோரை மண்டிய சதுப்பு, அதைத் தாண்டி ஒரு மேடு, மேட்டின் மேல் மட்டோக்கே வாழைத் தோப்பு, இறங்கினால் மறுபடி சதுப்பு. மண் செம்மண். நம் ஊர்ச் செம்மண்ணைவிட அடர்ந்த நிறம். எம்பிகியை அடுத்த எம்பம்பிரேயில் முரசு செய்கிறவர்களின் கடைகள் வரிசையாக இருந்தன. புதுத்தோல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கயாப்வேயில் நிலநடுக்கோடு சாலையைக் கடக்கிறது. வெள்ளை வளையம் ஒன்று நிற்கிறது. அதற்குள் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே மூன்று பேசின்களை வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் தண்ணீர் வித்தை காட்டுகிறார். கோட்டுக்கு வடக்கே தண்ணீர் ஒரு பக்கமாகச் சுழன்று வடிகிறது, தெற்கே மறுபக்கமாக, கோட்டின் மேல் சுழலாமல் நேராக. என்னோடு வந்த நண்பர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தண்ணியை எந்தப் பக்கமிருந்து ஊத்துனீங்க தம்பி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு தானே செம்பை வாங்கி எதிர்ப்பக்கமிருந்து ஊற்றினார். சுழற்சியும் மாறியது. இவ்வளவு சின்னப் பாத்திரத்தில் பூமியின் சுழற்சிக்கு வேலையே இல்லை, ஊற்றுகிற கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். நண்பர் அவருக்கு முழுக் காசையும் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

நண்பர் கோவைக்காரர். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ரோட்டரி சங்கங்கள் எந்த நாட்டிலாவது குடிநீர்த் திட்டம் போட்டால், கேட்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார். சம்பளம் கிடையாது. உலகம் முழுக்க இப்படி ஓர் ஆள்கட்டு இருக்கிறது. நிலத்தடி நீர் அறிந்தவர்கள், கழிவுநீர்ப் பொறியாளர்கள், மகப்பேறு மருத்துவர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், பள்ளிப் பாடத்திட்டம் எழுதியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. ரோட்டரி அறக்கட்டளையே தொழில்நுட்ப ஆலோசகர்கள் அடங்கிய ஒரு தன்னார்வப் படையை வைத்திருக்கிறது. பெரிய நிதி கேட்கும் திட்டங்களின் விண்ணப்பத்தைப் படித்துக் கருத்துச் சொல்வதும், இடத்துக்கே போய்ப் பார்ப்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும் அவர்கள் வேலை. பயணச் செலவை அறக்கட்டளை தரும், நேரத்தை அவர்கள் தருகிறார்கள். இது தவிர, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே 2007-இல் தொடங்கிய செயற்குழு ஒன்றும் உண்டு. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே சங்கங்களுக்குக் கைகொடுப்பது அந்தக் குழு. நண்பர் இந்த முறை வந்தது அந்த வழியில். மசாக்காவில் ஒரு சங்கமும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து சில கிராமங்களில் புதிதாக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி அடிபம்பு வைக்க நினைத்தன. ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் கூடவே தொற்றிக்கொண்டேன்.

சேவைச் சங்கம் என்றதும் நம் ஊரில் கண் சிகிச்சை முகாமும், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த பெஞ்சும், அதன் முதுகில் எழுதிய பெயரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ரோட்டரி தொடங்கியபோது அதன் அடிப்படை தொழில்தான். 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி சிகாகோவில் கூடிய நால்வரில் பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்றவர்களில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது அந்நாளைய விதி. சங்கம் ஊருக்கென்று முதலில் எடுத்துக்கொண்ட வேலை, சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. அந்தத் தொடக்கத்தைப் பார்த்தால், தொழிலறிவைத் திரட்டித் தருவது சங்கங்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வேலை அல்ல, அவற்றின் வேர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பணம் பிறகுதான் வந்தது. 1917-இல் ரோட்டரித் தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ஃப் முன்வைத்த நிதிக்கு முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்று ஓர் உலகளாவிய மானியத் திட்டத்தின் குறைந்தபட்ச மதிப்பே 30,000 டாலர். திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு சங்கம், வெளிநாட்டில் ஒரு சங்கம் என இரண்டும் கையெழுத்திட வேண்டும். ஊர் மக்களின் தேவையை ஆராய்ந்து எழுதியிருக்க வேண்டும். பணம் தீர்ந்த பிறகும் பலன் நிலைக்கும் என்று காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையை எழுதுவது எளிது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் அடிபம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வேலை செய்வதில்லை என்று இத்துறை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் திரட்டிய பணத்தில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திறப்பு விழா நடந்திருக்கும்.

மசாக்கா 1979 போரில் தான்சானியப் படையின் குண்டுவீச்சில் சிதைந்த ஊர். மறுபடி எழுந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டில் வாழையிலையில் கட்டி வேகவைத்த மட்டோக்கேயும் நிலக்கடலைக் குழம்பும். சங்கத்தின் தலைவி மருந்தாளர். பேச்சு எங்கு சுற்றினாலும் சாம் ஓவோரியிடம் வந்து நின்றது. கம்பாலாச் சங்கத்தைச் சேர்ந்த அவர் 2018-19-க்கான உலகத் தலைவராகத் தேர்வாகி, பொறுப்பேற்கும் முன்பே 2017 ஜூலையில் இறந்துபோனார். உகாண்டாவில் ரோட்டரி பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பெயரைச் சொல்லும்போது இங்குள்ளவர்கள் குரல் தாழ்கிறது.

கிராமத்துக்குத் தார்ச்சாலையை விட்டு மண்சாலையில் போக வேண்டும், ராக்காய் பக்கமாக. 1980-களின் தொடக்கத்தில் உகாண்டாவில் எய்ட்ஸ் நோயை முதலில் கண்டது இந்த வட்டாரத்தில்தான். பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டிகளின் தேசம் இது. தண்ணீர்க் குழுவின் தலைவியும் அப்படி ஒரு பாட்டிதான். உகாண்டாவில் ஒவ்வொரு பொதுக் கிணற்றுக்கும் பயனாளிகள் குழு ஒன்று உண்டு, அதில் பெண்களுக்குப் பாதி இடம் தர வேண்டும். பாட்டி எங்களை நேராக அடிபம்புக்கு அழைத்துப் போனார்.

பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். முக்கால் ஆள் உயர இரும்புத் தூண், மேலே பெட்டி, நீண்ட கைப்பிடி, வளைந்த மூக்கு. தமிழ்நாட்டுத் தெருமுனை ஒவ்வொன்றிலும் நான் பார்த்து வளர்ந்த அதே அடிபம்பு. இங்கே அதை யூ-2 என்கிறார்கள். நம் இந்தியா மார்க்-2 பம்பின் உகாண்டா வடிவம். அதன் தூணில் ஓர் ஆடு கட்டியிருந்தது. கைப்பிடியில் சிலந்தி வலை. பெண்களும் பிள்ளைகளும் மஞ்சள் நிற 20 லிட்டர் ஜெரிகேன்களோடு அதைத் தாண்டி, சரிவில் இறங்கி, சதுப்போரத்துக் குழியில் மொண்டுகொண்டிருந்தார்கள். மாடுகளும் அங்கேதான் குடித்தன.

"பம்பு கெட்டுப்போச்சா?" என்று கேட்டோம்.

"இல்லை, தண்ணீர் வரும்" என்றார் பாட்டி. "ஆனால் சிவப்பாக வரும். டீ போட்டால் கறுப்பாகிவிடுகிறது. மட்டோக்கே வேகவைத்தாலும் கறுப்பு. பள்ளிக்கூடச் சட்டை துவைத்தால் மஞ்சள் கறை. குடிக்காத தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்?"

வீட்டுக்கு மாதம் ஆயிரம் ஷில்லிங் என்று வைத்திருந்த சந்தா இப்படித்தான் நின்றிருக்கிறது. சந்தா நின்றதும் வாஷர் மாற்றக் காசில்லை. வெளிநாட்டுச் சங்கத்துக்குப் போன குறிப்பில் இதெல்லாம் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: நிலத்தடி நீரில் இரும்பு அதிகம், வேறு இடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும்.

இரும்பு கலந்த தண்ணீர் ஆளைக் கொல்வதில்லை. சுவையையும் நிறத்தையும் கெடுக்கும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் அதற்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்து மக்கள் திரும்பிப் போகிற குழித் தண்ணீரில் வயிற்றுப்போக்கு காத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுதான் உயிராபத்து.

நண்பர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு ராத்திரி யாரும் இதை அடிக்க வேண்டாம், காலையில விடியறதுக்கு முன்னால வர்றோம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வட்டாரத்தில் பம்பு பழுதுபார்க்கும் மெக்கானிக்கையும் வரச் சொன்னார்.

மறுநாள் இருட்டோடு போனோம். மெக்கானிக் நடுத்தர வயதுக்காரர், சைக்கிளின் பின்னால் ஸ்பேனர் பெட்டி. கைப்பிடியை அவர்தான் முதலில் அடித்தார். முதல் ஜெரிகேன் நிரம்பியபோது டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல் இருந்தது. நண்பர் ஒரு குப்பியில் பிடித்து நேரத்தை எழுதினார். "இனி நிறுத்தாம அடிக்கணும், ஒரு மணி நேரம்." பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் முறைபோட்டுத் தொங்கினார்கள். இரண்டாவது ஜெரிகேனும் சிவப்புதான். நாலைந்து போனதும் நிறம் வெளுக்கத் தொடங்கியது. வெளிச்சம் வந்து, ஆட்டை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய், வரிசையாகக் குப்பிகள் மண்மேட்டில் நின்றபோது கடைசிக் குப்பியில் இருந்தது தெளிந்த தண்ணீர். சோதனைப் பெட்டியின் நிற அட்டையில் முதல் குப்பி கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. கடைசிக் குப்பியில் நிறமே ஏறவில்லை. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6-க்கும் கீழே நின்றது.

"மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியில இரும்பு இருந்தா, எத்தனை நேரம் அடிச்சாலும் அது அப்படியேதான் வரணும் தம்பி. முதல்ல மட்டும் வந்து அப்புறம் நின்னு போச்சுன்னா, அது ராத்திரியெல்லாம் குழாய்க்குள்ள நின்ன தண்ணி. இது தண்ணியோட குத்தமில்லீங்க, குழாயோட குத்தம்."

நாற்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் குழாய்க்குள் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் இரவு முழுதும் நிற்கும். விடியற்காலையில் வருகிற முதல் இரண்டு வீட்டுக்காரர்களின் ஜெரிகேனுக்குப் போவது அதுதான். கால்வனைஸ் செய்த இரும்புக் குழாயின் துத்தநாகப் பூச்சு, பி.எச். 6.5-க்குக் கீழே உள்ள தண்ணீரில் நிற்காது. பூச்சு போனதும் இரும்பு கரையும். மேற்கு ஆப்பிரிக்காவில் 1980-களிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். உகாண்டா அரசும் இப்படிப்பட்ட குழாய்களை இனிப் போடக் கூடாது என்று சில ஆண்டுகளுக்கு முன் உத்தரவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு சங்கத்தின் கூட்ட அறைக்குள், திட்டக் குறிப்பை எழுதுகிற மேஜைக்கு, இந்த அறிவு வந்து சேரவில்லை. அந்தச் சங்கத்தில் மருந்தாளர் உண்டு, வங்கி மேலாளர் உண்டு, பள்ளித் தலைமையாசிரியர் உண்டு. எல்லோரும் நேர்மையானவர்கள், சொந்தக் காசைப் போட்டு அலைகிறவர்கள். குழாய் தெரிந்தவர் யாரும் இல்லை. வெளிநாட்டுச் சங்கத்திலும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தன்னார்வ வல்லுநர்களின் வலைப்பின்னல் வேண்டியிருக்கிறது.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கொல்லையில் வாழைகளுக்கு நடுவே ஒரு குவியல். பல கிணறுகளிலிருந்து அவர் கழற்றிக் கொண்டுவந்த குழாய்கள். மரையிருந்த இடமெல்லாம் தின்னப்பட்டு, பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் ஓட்டைகள். ஒன்றை எடுத்து முழங்காலில் தட்டினார், உதிர்ந்தது. "புதுக்குழாய் போட்டாலும் இரண்டு மூன்று வருஷத்தில் இப்படி ஆகிவிடுகிறது. எனக்கு இது வெகுநாளாகத் தெரியும். பம்பு வைக்க வருகிறவர்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வைத்துவிட்டுப் போன பிறகு ஊர்க்காரர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்."

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்தக் கொல்லைதான். தன்னார்வ வல்லுநர் என்றதும் வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவரையே நினைக்கிறோம். அவர் தேவைதான். குப்பிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்காவிட்டால் குழாய்தான் காரணம் என்று கூட்ட அறையில் நிரூபிக்க முடியாது. அவர் பெயரும் அனுபவமும் கடிதத்தின் கீழே இருந்தால்தான் வெளிநாட்டுச் சங்கம் அசையும். ஆனால் பாதி விடை நாங்கள் வருவதற்கு முன்பே அந்த வாழைத்தோப்பில் கிடந்தது. நல்ல ஆலோசகரின் முதல் வேலை, ஊரில் ஏற்கெனவே தெரிந்தவர் யார் என்று தேடிப்போவது என்று நான் நம்புகிறேன். ஆலோசகர்களில் பலர் ஓய்வு பெற்ற ஆண்கள், பெரும்பாலும் வசதியான நாடுகளிலிருந்து வருகிறவர்கள். மெக்கானிக்கின் பெயர் ஆலோசகர்களின் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

மெக்கானிக்குக்கு அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். 1970-களின் நடுவில் இந்தியக் கிராமங்களில் வார்ப்பிரும்பு அடிபம்புகள் பெரும்பாலும் கெட்டுக் கிடந்தன. வீட்டுக்கொல்லைக்கென்று செய்த பம்பை ஊரே நாள் முழுக்க அடித்தால் என்ன ஆகும்? சோலாப்பூரில் ஒரு மிஷன் பட்டறையில் பிறந்த வடிவத்தை எடுத்து, யுனிசெஃபும் அரசு நிறுவனங்களும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து திருத்தின. மாதிரிகளைக் கோவை மாவட்டத்துக் கிணறுகளில் வைத்துச் சோதித்தார்கள். அதுவே மார்க்-2. பின்னர் 1983 முதல் 1988 வரை கோவையை அடுத்த சர்க்கார் சாமக்குளம் வட்டாரத்தில் நடந்த நீண்ட சோதனையிலிருந்து மார்க்-3 வந்தது. அதில் குழாயை வெளியே எடுக்காமலே பிஸ்டனை மேலே இழுத்து வாஷர் மாற்றலாம். நண்பர் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, அந்தச் சோதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

"எங்க ஊர்ப் பாறைத் தண்ணியில இந்தக் குழாய் வருஷக்கணக்கா நின்னுச்சு. அங்க தண்ணி உப்பு, அமிலம் கிடையாது. பம்பு ஆப்பிரிக்கா வந்தப்ப கூடவே குழாயும் வந்துருச்சு. தண்ணி வேறன்னு பார்க்கலை."

பம்படிக்குத் திரும்பியதும் மெக்கானிக் அதன் மேல்பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "தலை நல்ல தலை" என்றார்.

மசாக்காவில் அன்று மாலை கூட்டம். திரையில் வெளிநாட்டுச் சங்கத்தார். நண்பர் சொன்னது சுருக்கமானது. புதிய கிணறுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். இருக்கிற கிணறுகளின் குழாயையும் அதற்குள் இருக்கும் ராடையும் எவர்சில்வருக்கு மாற்றுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் பி.வி.சி. போதும். எந்தக் கிணற்றிலும் கை வைக்கும் முன் பி.எச். பாருங்கள். மெக்கானிக்குகளின் கூலியைத் திட்டத்திலேயே எழுதுங்கள். திரையில் இருந்த ஒருவருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. புதுக் கிணறு என்று சொல்லித்தான் தன் ஊரில் காசு திரட்டினார்களாம். கொடுத்தவர்களுக்குப் புதுக் கிணற்றின் படம் காட்ட வேண்டாமா என்று கேட்டார். அது நியாயமான கவலை. பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசும் அதில் இருக்கலாம். மருந்தாளர் தலைவி அமைதியாகச் சொன்னார்: "எங்களிடம் படத்துக்குக் கிணறுகள் நிறைய இருக்கின்றன. குடிக்கத்தான் இல்லை." அதன் பிறகு பேச்சு குழாய் விலைக்குப் போய்விட்டது. எவர்சில்வர் குழாய் பல மடங்கு விலை. ஆனாலும் புதிதாகத் தோண்டும் செலவோடு பார்த்தால் குறைவுதான்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் கையைத் தூக்கினார். எவர்சில்வர் குழாய் துருப்பிடிக்காது, சரி. ஆனால் அதன் மரை கெட்டுப்போனால் மாற்றுக் குழாய் எந்தக் கடையில் கிடைக்கும்? மசாக்காவில் இரும்புக் குழாய்தான் கிடைக்கிறது. அவசரத்துக்கு நடுவில் ஒரு துண்டு இரும்புக் குழாயைப் போட்டால், இரண்டு உலோகங்களும் ஒட்டுகிற இடத்தில் அந்தத் துண்டு முன்னைவிட வேகமாக அரித்துப்போகும். அவர் அதையும் எங்கோ பார்த்திருக்கிறார்.

நண்பரிடம் அதற்குத் தயாரான பதில் இல்லை. இரவே வலைப்பின்னலில் இருந்தவர்களுக்கு எழுதிப் போட்டார். நாங்கள் கம்பாலாவுக்குத் திரும்புவதற்குள் பதில்கள் வந்திருந்தன. அவற்றில் பயன்பட்டது, வேறொரு ஆப்பிரிக்க நாட்டில் இதே சிக்கலைச் சந்தித்த பொறியாளர் ஒருவரின் யோசனை: மாவட்டத்துக்கு ஒரு கடைக்காரரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, உதிரிக் குழாய்களையும் இணைப்புகளையும் அங்கே இருப்பில் வையுங்கள், விற்க விற்க அந்தக் காசிலேயே மறுபடி வாங்கட்டும். மசாக்காச் சங்கத்தின் திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் அந்த இருப்புக்குத் தனி வரி சேர்ந்தது. எத்தனை குழாய், எத்தனை இணைப்பு என்ற கணக்கை எழுதிக் கொடுத்தவர் மெக்கானிக்.